செவ்வாய்க்கிழமை வராத கிளிகள்

கிளிகளுக்கு வார விடுமுறை உண்டு, அது செவ்வாய்க்கிழமை என்று ஐந்தாம் வகுப்பில் நான் எழுதி வைத்திருக்கிறேன். சும்மா எழுதிவிடவில்லை. ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து, திருத்தணி மலைப் படியில் உட்கார்ந்து, கொசுக்கடி வாங்கிக் கண்டுபிடித்த உண்மை அது. இன்றைக்கு யாராவது பறவைப் படிப்புப் படித்தவர்கள் வந்து அப்படியெல்லாம் இல்லையம்மா என்றால், நீங்கள் எங்கள் ஊர்க் கிளியைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்லுவேன்.

எங்கள் அறிவியல் மிஸ்தான் அந்த வேலையைக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு பறவை. அதை அது வாழும் இடத்தில் போய்ப் பார்த்து, ஒரு மாதம் நோட்டில் எழுத வேண்டும். வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் காக்காயைச் சொல்லிவிட்டார்கள். காக்காய் என்றால் வாசலிலேயே வேலை முடிந்தது. எனக்கு அந்த வயதிலேயே மண்டைக்கனம் கொஞ்சம் அதிகம். ஊரே காக்காய் என்றால் நான் கிளி என்பேன். அப்படியே சொன்னேன்.

மறுநாளே நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். படிக்கட்டு அடிவாரத்தில் கிளி ஜோசியக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் இரண்டு கிளிகள். எண்ணிக்கை இரண்டு, உணவு நெல், தொழில் சீட்டு எடுப்பது என்று அழகாக எழுதியிருந்தேன். மிஸ் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

"இதுங்களுக்கு ரெக்கைய வெட்டி வச்சிருக்காங்கம்மா. அது கூண்டுல இருக்கறது அதோட எடமாயிடாது. தானா எங்க போய் குந்துதோ அங்க போயிப் பாரு. தேதி, நேரம், எடம், எத்தினி. நாலு கட்டம் போட்டுக்க, போதும்" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டில் உட்கார்ந்து, எனக்கு உடனே காட்டுக் கிளி வேண்டும் என்று அறிவித்தேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, அத்தை, நான். ஆந்திரா எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். என் நைனாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு ஆலையில் எடைமேடையில் வேலை. அதற்கு மேல் எங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்குச் செயலாளர். ஆலை வேலை எட்டு மணி நேரம், சபை வேலை இருபத்து நாலு மணி நேரம் என்று அம்மா சொல்லும்.

அத்தை நைனாவின் ஒரே தங்கை. துவக்கப் பள்ளியில் டீச்சர். தாத்தா பாட்டி இல்லாததால் நைனாதான் அத்தையைப் படிக்க வைத்து ஆளாக்கினார். அந்த மாதத்துக்கு முந்தின மாதம்தான் அவளுக்கு அரக்கோணத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். ரயில்வே உத்தியோகம். பெண் பார்க்க வந்தவர் வாழைக்காய் பஜ்ஜி ஏழு சாப்பிட்டார். நான்தான் எண்ணினேன். அத்தையிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "வேல பர்மனென்ட்டுங்களா?"

அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நைனாவிடம் யாரும் எதையும் வேண்டாம் என்பதில்லை. அவர் கத்துகிற ஆளோ கை ஓங்குகிற ஆளோ இல்லை. சாப்பிட மாட்டார், அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "பசியில்ல" என்று வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அடி வாங்கினால்கூடத் தாங்கலாம், அதைத் தாங்க முடியாது. அதனால் அத்தை பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தே அந்த மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்குத் தைத்த ஜாக்கெட்டை அம்மா இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தது.

நான் கிளி என்றதும் நைனா சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கிளிக்கு இன்னாடி, சந்தையில பாத்தா போச்சு" என்றார்.

"சந்தைக் கிளி கணக்குல வராது நைனா. அது பொறந்த எடத்துல பாக்கணும்."

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். "மலைப் படியாண்ட ஒரு மொட்டைப் பனை இருக்குதுண்ணா. அதுல பொந்து பொந்தா கிளிங்கதான். காலையில நான் இட்டுனு போறேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. ஏழு மணிக்கு முன்னால் அத்தையை எழுப்ப வேண்டுமென்றால் அம்மா சொம்புத் தண்ணீரோடு போக வேண்டும். அப்படிப்பட்டவள் எனக்காக விடியற்காலையில் எழுவதாகச் சொல்கிறாள். அத்தைக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மா மட்டும் எதற்கோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டது.

நைனா கையை நிறுத்தினார். "மலைக்கா?"

மலை என்றால் முருகன் மலை. எங்களுக்கும் மலைக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் போகும்போது நைனாவே தெருமுனையில் நின்று மோர் ஊற்றுவார். ஆனால் மோர் ஊற்றுவது வேறு, படி ஏறுவது வேறு. சபைச் செயலாளர் வீட்டுப் பெண், அதுவும் கல்யாணம் நிச்சயமான பெண், தினமும் படி ஏறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"மலைக்கு இல்லண்ணா. மலையில இருக்கற கிளிக்கு" என்றாள் அத்தை.

நைனா யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். "நூறாவது படிக்கு மேல போவக் கூடாது." மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படி. நூறு வரைக்கும் கர்த்தர் ஆட்சேபிக்க மாட்டார் என்று எப்படிக் கணக்குப் போட்டாரோ, தெரியாது.

அன்றைக்கே அத்தை என் நோட்டை வாங்கி, ஸ்கேல் வைத்துப் பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டாள். ஐந்து கட்டம். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை. ஐந்தாவதில், கரும்பலகையில் எழுதுவதுபோல் முத்து முத்தாக, 'உடன் இருந்தவர்கள்'.

"மிஸ்ஸு நாலுதான அத்த சொன்னாங்க?"

"சாட்சி இல்லாத கணக்க எவ நம்புவா? கூட யாரு இருந்தாங்கன்னு எழுதணும். ஒண்ணையும் வுடக் கூடாது, ஒண்ணையும் கூட்டக் கூடாது. பாத்தத பாத்தமாதிரி எழுது" என்றாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் இருட்டுப் பிரிகிற நேரத்துக்குப் போய்த் தொண்ணூற்றாறாவது படியில் உட்கார்ந்தோம். நூறுக்கு நான்கு படி மிச்சம் வைத்தது அத்தையின் யோசனை. பக்கத்தில், பாறைச் சரிவில், சீத்தாப்பழச் செடிகளுக்கு நடுவே அந்த மொட்டைப் பனை நின்றது. தலை எப்போதோ இடி விழுந்து போய்விட்டது. வெறும் உடம்பில் நான்கைந்து பொந்து. நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தேன். ஒரு பச்சையும் வரவில்லை. அத்தை பனையைப் பார்க்கவே இல்லை. படிக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளி மேலதான அத்த வரும்?" என்று கேட்டேன். "எந்தப் பக்கமா வரும்னு யாரு கண்டா" என்றாள்.

ஆறு பத்துக்குக் கீழேயிருந்து ஒருவர் ஏறி வந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, சட்டைப் பையில் விசில். ஆர்.கே.பேட்டையிலிருந்து வருகிற முதல் டவுன் பஸ்ஸின் கண்டக்டர். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டவர்போல நின்று, "இன்னா டீச்சர், இங்க?" என்றார்.

"கிளி பாக்க வந்தோம்" என்றாள் அத்தை.

"அப்பிடிங்களா? நானும் கிளி பாக்கத்தான் வந்தேன்."

என்ன பொருத்தம் பாருங்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் இரண்டு படி கீழே, மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து வறுத்த வேர்க்கடலை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு விசிலை வாயில் வைத்து, பஸ்ஸை நிறுத்துவதற்கு ஊதுவதுபோல் சின்னதாக ஒன்று ஊதினார். அவ்வளவுதான். பனைக்குள்ளிருந்து கீ கீ என்று கத்திக்கொண்டு பச்சை பச்சையாகப் பீறிக்கொண்டு வந்தன. எனக்கு எண்ணத் தோன்றவில்லை. அவை ஒரு சுற்றுச் சுற்றி, வெயில் இன்னும் வராத ஆகாயத்தில் நீள வாலோடு திரும்பிய அழகில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஜோசியக்காரரின் இரண்டு கிளிகளும் நடக்கத்தான் செய்யும். கிளி இவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"பதினொண்ணு. எழுதிக்க பாப்பா" என்றார் கண்டக்டர்.

பயணிகளை எண்ணி எண்ணிப் பழகிய கண் அது. நான் ஒருநாளும் அவர் கணக்கைச் சரிபார்த்ததில்லை. நோட்டில் முதல் வரி இப்படி ஏறியது: 'திங்கள். ஆறு பத்து. மொட்டைப் பனை. பதினொன்று. நான், அத்தை, கண்டக்டர்.'

அவர் தினமும் வந்தார். கிளிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஊரில் அவர்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லை உண்டாம். கிளி இறங்கினால் கதை முடிந்ததாம். சின்ன வயதிலிருந்து டின்னைத் தட்டித் தட்டி விரட்டியே அவற்றின் குணமெல்லாம் அத்துப்படியாகிவிட்டதாம். "எதிரிய பத்தி நல்லா தெரிஞ்சிக்கணும் டீச்சர். தெரிஞ்சிகினா அப்புறம் எதிரியா நெனைக்கத் தோணாது" என்பார். அத்தை தலையைக் குனிந்து சிரிப்பாள். கிளியைப் பற்றிச் சொன்னதற்கு இவளுக்கு ஏன் சிரிப்பு என்று எனக்குக் கோபமாக வரும்.

"கழுத்துல செவப்பா வளையம் தெரியுதா? அது ஆம்பள. வளையம் இல்லன்னா பொம்பள."

"பரவால்லியே, கிளி ஜாதியில நகையெல்லாம் ஆம்பளைக்கா?" என்று அத்தை கேட்டாள்.

அவர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கழுத்திலும் கறுப்புக் கயிறு ஒன்று இருந்தது. அதில் காலணா அளவுக்கு ஒரு மாதா படம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'அடையாளங்கள்' என்று தலைப்புப் போட்டு, 'ஆண் கிளி: கழுத்தில் சிவப்பு வளையம். பெண் கிளி: வளையம் இல்லை. கண்டக்டர்: கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் மாதா' என்று எழுதிக்கொண்டேன். ஒன்றையும் விடக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறாளே.

இன்னொரு நாள், இந்தக் கிளிகள் ஏன் இந்த மலையில் இவ்வளவு இருக்கின்றன என்று கேட்டேன். "வள்ளியம்மா தெனக்கொல்லையில கவண் வச்சி வெரட்டுன கிளிங்க பாப்பா. இங்க கல்யாணமாயி வந்ததுக்கப்புறம் அவங்களுக்கு வெரட்ட மனசு வரல. கொல்லைய வுட்டுட்டு இதுங்களும் கூடவே வந்து தங்கிட்சி" என்றார். அதையும் 'வரலாறு' என்று எழுதினேன்.

ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஹாரன் விடாமல் கேட்கும். உடனே அவர் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஓடுவார். "அவ்ளோதான், இனிமே கிளி வராது" என்று அத்தை நோட்டை மூடிவிடுவாள். என்ன ஆச்சரியம் என்றால், அதற்கு அப்புறமும் பனையைச் சுற்றி நாலைந்து பறந்துகொண்டுதான் இருக்கும். அவை கணக்கில் வராத கிளிகள் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் செவ்வாய்க்கிழமை நானே எழுந்து பல் விளக்கி நின்றேன். அத்தை போர்வைக்குள்ளிருந்து, "இன்னிக்கி வராதுடி, படு" என்றாள்.

"ஏன் அத்த?"

"செவ்வாய்க்கெழம வராது. அதுங்களுக்கும் ஓய்வு வேணும்ல?"

அடுத்த செவ்வாயும் அப்படியே. நடுவில் இரண்டு நாள் பஸ் ஸ்டிரைக் வந்தது. அந்த இரண்டு நாளும் அத்தை எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கும் வராது" என்றாள் சுரத்தே இல்லாமல். எனக்கு மூளை வேலை செய்தது. விஞ்ஞானிகள் இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்போல என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. நோட்டை எடுத்து 'முடிவுகள்' என்று எழுதினேன். 'ஒன்று: கிளிகள் செவ்வாய்க்கிழமை வருவதில்லை. இரண்டு: பஸ் ஸ்டிரைக் அன்றும் வருவதில்லை. ஆகவே கிளிகளுக்கும் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிகிறது.'

மாதம் முடிகிற சமயம் ஒரு காலையில் பொந்துக்குள்ளிருந்து மூன்று குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. மயிர் சரியாக முளைக்காத மொட்டைத் தலை, மூஞ்சிக்குப் பொருந்தாத பெரிய மூக்கு. தாய்க்கிளி வந்து ஒவ்வொன்றின் வாயிலும் தன் மூக்கை விட்டு ஊட்டியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் பார்த்தோம். கீழே ஹாரன் அடித்தது. கண்டக்டர் அசையவில்லை. திரும்பவும் அடித்தது. அத்தைதான், "அடுத்த ஞாயித்துக்கெழம ஓல வாசிக்கறாங்க" என்றாள், குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்கு அவர் ஓடவில்லை, மெதுவாக இறங்கிப் போனார். அவர் முகமே சரியில்லை. பாவம், தாமதமானதற்கு டிரைவர் திட்டுவார் என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஓலை என்பது எங்கள் சபை வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தமாதிரி. அப்புறம் நிறுத்துவதற்கு எவருக்கும் வாய் வராது.

அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். எப்போதும் வந்தவுடன் காபி கேட்கிறவர் அன்றைக்குக் கேட்கவில்லை.

"செயலாளரே, நாளைக்கி ஓல வாசிக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் தீரணும். சபையில ஒரு அம்மா சொன்னாங்க. நம்ம டீச்சரு தெனம் காலையில முருகன் மலைக்குப் போறாங்களாம். படிக்குப் படி குனிஞ்சி தொட்டுகினே ஏறுறாங்களாம். மாப்பிள்ள வூட்டுக்குத் தெரிஞ்சா நாளைக்கி நான் இன்னா பதில் சொல்றது?"

நைனா முகம் சுண்டிப்போனது. "நூறு படிதாங்க ஐயரே" என்றார் பாவமாக. "நூறுக்கு மேல போவல."

"நூறோ பத்தோ, எதுக்குப் போவணும்?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை கதவுப் பக்கம் நின்று முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "கிளி பாக்கத்தான் போனேன் ஐயரே" என்றாள். ஐயர் அதை நம்பவில்லை என்பது அவர் மீசையிலேயே தெரிந்தது. அத்தை என் பக்கம் திரும்பினாள். "நோட்டு இருக்குது. அவள படிக்கச் சொல்லுங்க. எல்லாம் எழுதி வச்சிருக்கா."

எனக்கு ரத்தம் கொதித்தது. படியைத் தொட்டாளாம்! கிளி இறகு விழுந்திருக்கிறதா என்று எனக்காகக் குனிந்து குனிந்து தேடியவளைப் பற்றி இப்படி ஒரு கதை. ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிப்பதுபோல் நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்றேன்.

"திங்கள். ஆறு பத்து. மொட்டைப் பனை. பதினொன்று. உடன் இருந்தவர்கள், நான், அத்தை, கண்டக்டர். புதன். ஆறு பத்து. மொட்டைப் பனை. ஒன்பது. நான், அத்தை, கண்டக்டர். வியாழன். ஆறு பன்னிரண்டு. மொட்டைப் பனை. பதினாலு. நான், அத்தை, கண்டக்டர்."

"இரு. எந்தக் கண்டக்டரு?" என்றார் நைனா.

"எல்லா நாளும் ஒரே கண்டக்டர்தான் நைனா" என்றேன் பெருமையாக. ஆள் மாறினால் கணக்கில் குழப்பம் வரும் இல்லையா?

கூடத்தில் சத்தமே இல்லை. என் கண்டுபிடிப்பைக் கேட்க எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள் என்று எண்ணி, குரலை உயர்த்தி 'முடிவுகள்' படித்தேன். செவ்வாய்க்கிழமை, பஸ் ஸ்டிரைக், டவுன் பஸ்ஸோடு கிளிகளுக்கு உள்ள தொடர்பு, ஒன்றையும் விடவில்லை. அம்மா வாயில் முந்தானையைச் சொருகிக்கொண்டது. வள்ளியின் வரலாற்றை வாசித்தபோது ஐயர் ஒருமுறை செருமினார். பிறகு 'அடையாளங்கள்'. "ஆண் கிளி, கழுத்தில் சிவப்பு வளையம். பெண் கிளி, வளையம் இல்லை. கண்டக்டர், கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் மாதா."

"மாதாவா?" என்றார் ஐயர்.

"ஆங். காலணா அளவுக்கு" என்றேன்.

நைனா நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். "ஆர்.சி.யா?" என்றார். முருகன் மலை என்று கேட்டபோதுகூட அவர் குரல் அவ்வளவு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். கோயில்காரர்கள் ஊர்க்காரர்கள், அவர்களோடு என்ன தகராறு. பங்காளிச் சண்டையெல்லாம் கத்தோலிக்கர்களோடுதான்.

ஐயர் நாற்காலியை அத்தை பக்கம் திருப்பிப் போட்டார். அப்புறம் அத்தையிடம், "அரக்கோணத்துல உனக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டார். அந்த இரண்டு மாதத்தில் யாராவது அவளை அந்தக் கேள்வி கேட்டது அப்போதுதான். அத்தை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப நான் நாளைக்கி ஓல வாசிக்க முடியாது செயலாளரே. நான் பயந்துகினு வந்தது வேற, இங்க இருக்கறது வேற. ஆர்.சி.யா இருந்தா இன்னா, அவனும் ஏசுவ கும்புடற வேதக்காரன்தான். மத்தத நீங்க பேசிக்குங்க" என்று எழுந்தவர், "இப்ப அந்தக் காபியக் குடும்மா" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அரக்கோணத்துக்கு நான் இன்னா சொல்லுவேன்?" என்று நைனா தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கிளி பறந்துட்சினு சொல்லுங்க" என்றது அம்மா, காபி ஆற்றிக்கொண்டே.

அத்தை சமையலறைக்குள் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. பழி நீங்கிவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் வருத்தம் வேறு. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர்கூட மூன்று குஞ்சுகளைப் பற்றிக் கேட்கவில்லையே.

நைனா மூன்று நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தது. புதன்கிழமை காலை அவர் யாரிடமும் சொல்லாமல் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாருன்னு தெரிஞ்சும் எனக்கு டிக்கெட் போட்டான். ஒழுங்கான பையன்தான்" என்றார். சோறு கேட்டார். அத்தையே போட்டாள். இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது அவள் அவர் முகத்தையே பார்த்ததில் தட்டு ஓரமெல்லாம் ஒழுகியது. நைனா அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

எங்கள் சபையிலா, மாதா கோயிலிலா கல்யாணம் என்று இரண்டு வீட்டுக்கும் நடந்த பேச்சு தனிக் கதை. அது முடிகிற சமயத்தில்தான், பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்னால், நோட்டைத் திருத்திக் கொடுத்தார்கள். பத்துக்கு ஒன்பதரை. செவ்வாய்க்கிழமைக்குப் பக்கத்தில் மிஸ் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். அதற்கு மார்க் குறைக்கவில்லை. அரை மார்க் போனது வேறு இடத்தில். 'உடன் இருந்தவர்கள்' என்ற தலைப்பைச் சிவப்பு மையால் சுழித்து, 'நான்கு கட்டமே சொன்னேன். இது தேவையில்லை' என்று எழுதியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு ஓடினேன். அத்தை கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நோட்டை அவள் மடியில் எறிந்தேன். "பாத்தியா? உன்னாலதான். யாரு உன்ன அஞ்சாவது கட்டம் போடச் சொன்னது?"

அவள் நோட்டை எடுத்து அந்தச் சிவப்புச் சுழியை விரலால் தடவிப் பார்த்தாள். "அது ஒண்ணுதான்டி தேவையா இருந்திச்சி" என்றாள். கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக இருந்தது. என்னை இழுத்து அணைத்துக்கொள்ள வந்தாள்.

நான் கையைத் தட்டிவிட்டேன். "மிஸ்ஸே தேவையில்லன்னு எழுதிக்கிறாங்க. உனக்கு அவங்கள வுட அதிகமா தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, அரை மார்க்குக்காக நான்கு நாள் அவளோடு பேசவில்லை.